வராத காய்ச்சல்

மோகனுக்கு,

ட்ரெயினிங்குக்காகப் புனேவுக்குக் கிளம்புவதற்கு முன்னால் நீ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டாயே ஒரு வீடியோ, அதை நான் எத்தனை தடவை பார்த்திருப்பேன் என்று உன் அம்மாவைக் கேட்டுப் பார். யஷு தரையில் உட்கார்ந்து பொம்மைக் காரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தை விரலால் தட்டித் தட்டிச் சுற்றவிடுகிறான். பின்னாலிருந்து உன் குரல் கேட்கிறது. "யஷு... யஷூ... இக்கட சூடு நான்னா..." இங்கே பார், இங்கே பார் என்று ஏழெட்டுத் தடவை கூப்பிடுகிறாய். அவன் கழுத்து அசையவில்லை. கடைசியில் நீயே சிரித்துக்கொண்டு "சார் ரொம்ப பிஸி" என்று முடித்துவிடுகிறாய். சொந்தக்காரர்கள் எல்லாரும் அதற்கு இதயம் போட்டார்கள். உன் சின்ன மாமனார் 'இஞ்சினியர் ரெடி' என்று எழுதினார். நான் ஒன்றும் போடவில்லை. பேரன் மேல் பாசம் இல்லாத கிழவன் என்று நினைத்திருப்பாய். நினைத்துக்கொள்.

இதை நான் போனில் சொல்லப் பார்த்தேன், இரண்டு முறை. இரண்டாம் முறை நீ, "நைனா, உனக்கு எந்தப் புள்ளயப் பாத்தாலும் நம்ம தணிகாவாட்டமே தெரியும். சொம்மா இரு" என்று சொல்லி போனை வைத்துவிட்டாய். கடிதத்தை அப்படிப் பாதியில் வைக்க முடியாது. நகரியில் தெலுங்கு மீடியம் படித்தவன் நீ, தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். அதுவும் நல்லதுதான், மெதுவாகப் படி. உன் அம்மா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். கடைசிப் பக்கம் வரை படிக்காமல் எனக்கு போன் செய்யாதே.

போன வாரம், நீ ஊரில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான், உன் திருப்பதி வீட்டுக்குப் போனேன். நீ இருந்தால் என்னைப் பார்க்க விடமாட்டாய், பேசிப் பேசியே மறைத்துவிடுவாய். சாயங்காலம் சைலஜா மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டுப் பெண் குழந்தையும் தன் அம்மாவோடு அங்கே விளையாடிக்கொண்டிருந்தது. யஷுவை விட இரண்டு மாதம் சின்னது. ரேணிகுண்டாவில் இறங்குகிற விமானம் ஒன்று தாழ்வாக வந்தது. அந்தக் குழந்தை விரலை நீட்டி விமானத்தைக் காட்டியது, உடனே திரும்பித் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தது, மறுபடி விமானத்தைப் பார்த்தது. தான் பார்த்தால் மட்டும் அதற்குப் போதவில்லை, அம்மாவும் பார்க்கவேண்டும். யஷுவுக்குத் தலைக்கு மேல் போன சத்தம் எதுவும் தேவைப்படவில்லை. மாடிக் கம்பிகளுக்குப் பக்கத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, கடைக்கண்ணால் அந்தக் கம்பிகளைப் பார்த்தபடி, நுனிக்காலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டிருந்தான். இருபது மாதக் குழந்தைக்கு அத்தனை பொறுமை வராது மோகன்.

கீழே இறங்கி வந்ததும் யஷு நேராக என்னிடம் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தான். பிடித்து இழுத்துக்கொண்டு போய், என் கையை ஃபிரிட்ஜ் கதவின் மேல் வைத்தான். தாத்தா என்று ஒரு ஆள் அங்கே இல்லை, கதவைத் திறக்க ஒரு கை மட்டும் இருந்தது. சைலஜாவுக்கு ஒரே சந்தோஷம். "பாருங்க மாமா, யாருகிட்டயும் போகமாட்டான், உங்ககிட்ட எப்படி ஒட்டிக்கிட்டான்!" என்றாள். நான் பால் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன். அந்தப் பிடி எனக்குத் தெரியும். இருபத்து நாலு வருஷத்துக்கு முன்னால் உன் தம்பி தணிகாவும் இப்படித்தான் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு போவான்.

அதைச் சொல்ல வேண்டுமானால் நம் பழைய வீட்டைச் சொல்ல வேண்டும். முன் கூடத்தில் நாலு பவர்லூம், பின்னால் நாம். தறி ஓடும்போது அந்த வீட்டில் யாரும் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிடமாட்டோம், கூப்பிட்டாலும் கேட்காது. தோளைத் தட்டுவோம். நூல் அறுந்தால் இரண்டு விரலை விரித்துக் காட்டுவோம். டீ வேண்டுமென்றால் கட்டை விரல். நீ ஒண்ணேகால் வயசில், நூல் அறுந்து தறி நின்றதும் இரண்டு விரலை விரித்துக்கொண்டு என்னிடம் ஓடி வருவாய், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பாய். தணிகா காட்டமாட்டான். மணிக்கட்டைப் பிடித்துக் குடத்துக்கு இழுத்துப் போவான், அலமாரிக்கு இழுத்துப் போவான். நாங்கள் என்ன நினைத்தோம் தெரியுமா? "என் சின்னவன் தறி பாஷை கத்துக்கினான்யா" என்று நான் பக்கத்துத் தறிக்காரர்களிடம் பெருமை அடித்தேன். ஒன்றைக் கேட்பதற்கு ஒரு கை, ஒன்றைக் காட்டுவதற்கு இன்னொரு கை என்று எனக்குத் தெரியவில்லை. அவனுக்குக் கேட்கிற கை மட்டும்தான் இருந்தது. கைகளாலேயே பேசுகிற வீட்டில் பிறந்ததால் அது எங்கள் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

உன் அம்மாவுக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. கரண்ட் போனால் தறி நின்றுவிடும், வீடே பேச ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் அவள் தணிகாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு நாள் இல்லை, பல நாள். "தா, கூப்ட்டா திரும்பவே மாட்றான். கரண்ட் போனா காதப் பொத்திக்கினு கத்தறான். எனக்கு இன்னாவோ பயமாக்கீது" என்றாள். நான் என்ன சொன்னேன்? "தறிக்குப் பக்கத்துல தூளி கட்டினவ நீதான? காது மந்தமாப் பூட்டிருக்கும்" என்றேன். தப்பை அவள் தலையில் போட எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. நீயும் போனில் "சைலஜா செல்போனக் கொடுத்துக் கொடுத்தே கெடுத்துட்டா" என்று சொன்னாய் பார், அப்போது என் குரலே எனக்குக் கேட்டது. செல்லை அளவோடு கொடுப்பது நல்லதுதான். ஆனால் செல்லாலும் ஆட்டிசம் வருவதில்லை, தூளியாலும் வருவதில்லை. இரண்டு பேரும் பொண்டாட்டியைத் திட்ட ஒரு சாக்கு கண்டுபிடித்திருக்கிறோம், அவ்வளவுதான்.

உன் அம்மா விடவில்லை. திருப்பதியில் ஒரு காது டாக்டரிடம் தணிகாவைக் கொண்டு போனோம். அவர் பரிசோதனை எல்லாம் செய்தார். இடையில் உன் அம்மா பையைத் திறக்க, பிஸ்கட் பாக்கெட் லேசாகச் சரசரத்தது. அறையின் அந்தக் கோடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த தணிகா எழுந்து ஓடி வந்தான். டாக்டர் சிரிக்கவில்லை. "காது நன்றாக இருக்கிறது. பேர் சொன்னால் திரும்பாத பிள்ளை பிஸ்கட் சத்தத்துக்கு ஓடி வருகிறான் என்றால், நீங்கள் உடனே குழந்தைகள் வளர்ச்சி பார்க்கிற டாக்டரிடம் போகவேண்டும்" என்றார். அதில் முதல் வார்த்தை மட்டும்தான் என் காதில் விழுந்தது. காது நன்றாக இருக்கிறது! புத்தூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரரிடமெல்லாம் அதைச் சொன்னேன். உன் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து வந்தாள். மிச்ச வார்த்தைகள் அவளுக்குக் கேட்டிருந்தன. அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை கேட்டும், "எங்க நைனாவே நாலு வயசுலதான் பேசினாரு" என்று ஒரே பதிலாகச் சொல்லி வாயை அடைத்தேன்.

தணிகாவுக்கு ஒன்பது வயசில்தான் புத்தூரில் ஒரு டீச்சர் கிடைத்தார். பேச வைக்கிறேன், குணமாக்குகிறேன் என்றெல்லாம் அவர் சொல்லவில்லை. அப்படிச் சொன்னவர்களிடம் நான் ஏற்கனவே நிறைய அலைந்திருந்தேன். இவர் சின்னச் சின்ன அட்டைகளில் படம் ஒட்டிக் கொடுத்தார். எடுத்துக் கொடுத்தால் கேட்டது கிடைக்கும் என்று பழக்கினார். இரண்டு மாதம் ஆயிற்று. ஒரு மத்தியானம் தறிகள் ஓடிக்கொண்டிருக்கும்போது தணிகா என்னிடம் வந்து, தண்ணீர்ச் சொம்பு படம் போட்ட அட்டையை என் கையில் வைத்தான். ஒன்பது வயசில் என் மகன் என்னிடம் முதல் முறையாகத் தண்ணீர் கேட்டான். நான் தறியை நிறுத்தாமல் ஓடிப் போய்க் கொண்டு வந்து கொடுத்தேன். அவன் குடித்துவிட்டுப் போய்விட்டான். நான் தறிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அதுவரை அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டு கத்திய கத்தலில் எத்தனை வெறும் தாகத்துக்கானது என்று யாருக்குத் தெரியும்? அவன் பிடிவாதக்காரன் என்று நான் அடித்த நாட்களும் அதில் இருக்கின்றன. உனக்கு நினைவிருக்கும், நீ ஓடி வந்து நடுவில் நிற்பாய்.

இரண்டு வயசிலேயே போயிருந்தால் தணிகா வேறு ஆளாகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அவன் அவனாகத்தான் இருந்திருப்பான், எனக்கு அவன்தான் வேண்டும். ஆனால் ஏழு வருஷம் முன்னாலேயே தண்ணீர் கேட்டிருப்பான். பசிக்கிறது, பல் வலிக்கிறது, அந்தச் சத்தம் வேண்டாம் என்று ஏதோ ஒரு வழியில் சொல்லியிருப்பான். இப்போது அவனுக்கு இருபத்தாறு வயசு. அவன் அம்மா பிசைந்து வைத்தால்தான் சாப்பிடுவான். அவள் கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. எங்களுக்குப் பிறகு என்ன என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதே இல்லை. பேசினால் நடந்துவிடுமோ என்று பயம்.

இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. தணிகாவுக்கு மாற்றுத்திறனாளி சர்டிபிகேட் வாங்க சித்தூரில் முகாமுக்குப் போனபோது வரிசையில் பக்கத்தில் நின்ற ஒருவர், "பிறவியிலேயேவா?" என்று கேட்டார். என் வாயில் எப்படி வந்தது என்று தெரியவில்லை, "இல்லீங்க, ரெண்டு வயசுல மூளைக்காய்ச்சல்" என்றேன். அந்த மனிதர் உச்சுக் கொட்டினார், என் தோளைத் தொட்டார். அத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிப் பரிதாபப்பட்டதில்லை. காய்ச்சல் என்றால் யாரும் என் வம்சத்தைக் கேட்கமாட்டார்கள், உன் அம்மாவின் வம்சத்தையும் கேட்கமாட்டார்கள். அன்றிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னேன். சொல்லச் சொல்ல விவரம் கூடியது. ஐஸ் வைத்தோம், மூன்று நாள் நினைவில்லை என்றெல்லாம் சேர்த்துக்கொண்டேன். உன் அம்மா மட்டும் ஒரு முறைகூட அதைச் சொன்னதில்லை.

பிறகு சந்திரகிரியில் உனக்குப் பெண் பார்க்கப் போனோம். சைலஜாவின் அம்மா காபி கொடுத்துக்கொண்டே, "சின்னவரக் கூட்டிக்கினு வரலியா?" என்று கேட்டார். நான் காய்ச்சல் கதையை ஐஸ் உட்படச் சொன்னேன். அந்த அம்மாள் கண் கலங்கிவிட்டார். நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாய். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குனிந்தாய், நிமிரவே இல்லை. திரும்பி வரும்போது, "தேங்க்ஸ் நைனா" என்றாய். கல்யாணத்தன்று தணிகாவை உன் சித்தி வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். கூட்டம், மேளச் சத்தம், அவன் தாங்கமாட்டான் என்று எல்லாரிடமும் சொன்னோம். அது உண்மைதான். அது மட்டும்தான் காரணம் என்பது பொய்.

போன வாரம் உன் வீட்டில் நான் சைலஜாவிடம் கேட்டேன். "ஒரு வயசுல பால், பை, தாத்தான்னு மூணு வார்த்தை சொன்னான் இல்லம்மா? இப்ப?" என்றேன். அவள் முகம் கொஞ்சம் வாடியது. "இப்ப ஒண்ணுமே சொல்றதில்ல மாமா. ஒன்றரை வயசுத் தடுப்பூசி போடப் போனப்போ டாக்டர்கிட்ட கேட்டேன். உங்க ரெண்டு குடும்பத்துல யாருக்காவது ஆட்டிசம், பேச்சு வராதது, அந்த மாதிரி இருக்கான்னு கேட்டாரு. யாருக்கும் இல்ல, மரிதிக்கு மட்டும் சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்து அப்படி ஆயிடுச்சுன்னேன். அப்போ பர்வாலேது, ரெண்டு வயசு வரைக்கும் பாக்கலாம்னாரு" என்றாள். மரிதி என்றால் கொழுந்தன், அவளுக்குத் தணிகா. ரொம்ப சாதாரணமாகச் சொன்னாள். யஷுவின் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். டாக்டரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார். சித்தூர் வரிசையில் நான் சொன்ன பொய் எழுந்து போய் அவருக்குப் பதில் சொல்லியிருக்கிறது. அதற்குள் இரண்டு மாதம் போய்விட்டது.

நகரிக்குத் திரும்பி உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் தணிகாவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பைக் கீழே வைக்கவில்லை. "நீ சொல்றியா, நான் சொல்லட்டா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் காலையில் சைலஜாவுக்கு போன் செய்தேன். "அம்மா, தணிகாவுக்குக் காய்ச்சலே வர்லம்மா. அவனுக்கு ஆட்டிசம். உங்க வூட்ல நான் சொன்னது பொய்" என்றேன். அவள் கேட்டாள், "சொல்லியிருந்தா நாங்க வேணாம்னு சொல்லியிருப்போம்னு நினைச்சீங்களா மாமா?" ஆமாம் என்றேன். "சொல்லியிருப்பாங்க" என்றாள். அப்புறம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரி, இருங்க, நோட்டு எடுத்துட்டு வரேன். மரிதி சின்னப் பையனா இருக்கறப்போ எப்படி இருந்தாருன்னு ஒண்ணு விடாம சொல்லுங்க. டாக்டருக்குக் காட்டணும்" என்றாள்.

சொன்னேன். பேர் சொன்னால் திரும்பாதது, பிஸ்கட் சத்தத்துக்கு ஓடி வந்தது, மணிக்கட்டைப் பிடித்து இழுத்தது, விரல் நீட்டி எதையும் காட்டாதது, நுனிக்காலில் நடந்தது, கரண்ட் போனால் கத்தியது, வந்த வார்த்தைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இதில் ஒன்றிரண்டு எந்தக் குழந்தையிடமும் இருக்கலாம், எல்லாம் கூடி வரும்போதுதான் பயப்படவேண்டும் என்று டீச்சர் சொன்னதையும் சொன்னேன். அவள் தெலுங்கில் எழுதிக்கொண்டாள். நடுவில் இரண்டு இடத்தில், "ஒரு நிமிஷம் மாமா" என்று நிறுத்தினாள். எதற்கு நிறுத்தினாள் என்று எனக்குத் தெரியும்.

அன்று சாயங்காலம் அவள் அம்மா சந்திரகிரியிலிருந்து வந்திருக்கிறார். நோட்டு மேஜை மேல் திறந்தபடி கிடந்திருக்கிறது. மேலே பேர் எதுவும் எழுதவில்லை. அந்த அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்துவிட்டு, "எதுக்கும்மா யஷு பத்தி இதெல்லாம் எழுதி வெச்சிருக்க?" என்று கேட்டாராம். சைலஜா அதை எனக்கு போனில் சொன்னபோது அழவில்லை. குரல் மட்டும் அடங்கிப் போயிருந்தது. எல்லாவற்றையும் அம்மாவிடம் சொல்லிவிட்டதாகச் சொன்னாள். பிறகு என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "காய்ச்சல் இல்லேன்னு அவருக்கும் தெரியுமா மாமா?"

மோகன், நான் தெரியும் என்று சொன்னேன். உன்னைக் காட்டிக் கொடுத்துவிட்டேன். இன்னொரு பொய் சொல்லி உன்னைக் காப்பாற்றியிருக்கலாம், எனக்கு அது நன்றாக வரும். என்னால் முடியவில்லை.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் திருப்பதியில் குழந்தைகள் வளர்ச்சி பார்க்கிற டாக்டரிடம் யஷுவைக் கொண்டு போகிறோம். இது ஆட்டிசம்தான் என்று சொல்ல நான் யார்? நான் தறிக்காரன். டாக்டர் பார்த்துச் சொல்லட்டும், நான் தப்பாகப் பார்த்திருந்தால் எல்லார் முன்னாலும் என்னைத் திட்டு, சந்தோஷமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் எனக்கு அந்தப் பாக்கியம் இருக்கும் என்று தோன்றவில்லை. சைலஜா வருகிறாள், அவள் அம்மா வருகிறார், நானும் உன் அம்மாவும் போகிறோம். தணிகாவையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறாள். "டாக்டர் அவரையும் பாக்கட்டும் மாமா, நானும் அவரை இன்னும் சரியா பாத்ததில்ல" என்றாள்.

டாக்டர் மறுபடி குடும்பத்தைப் பற்றிக் கேட்பார். அதற்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன். நீ எதற்கு என்று கேட்காதே. ட்ரெயினிங், லீவு கிடைக்காது, டிக்கெட் இல்லை என்று எதுவும் எழுதாதே. சைலஜா உன்னை வரச் சொல்லவில்லை. நீ வருவாயா என்று என்னிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை நீ வராவிட்டாலும் ஏன் வரவில்லை என்று கேட்கமாட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.

உன் நைனா